பழைய மெசி 35: தேய்ந்த கியர் லீவரையும் போர்க்கையும் ஒட்டித் திருத்துவதா, புதிதாக மாற்றுவதா?

படுவான்கரை உழவன்

அனைவருக்கும் வணக்கம். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் நெடுங்காலம் ஓடாமல் நின்ற மெசி பெர்குசன் 35 உழவு இயந்திரம் ஒன்றை மீண்டும் வேலைக்குக் கொண்டுவர முயன்று வருகிறேன். அப்பா இதைக் கொண்டுதான் வயல் உழுதார், களவெட்டியில் சூடடித்தார், அறுவடை முடிந்ததும் நெல் மூட்டை ஏற்றிய இழுவைப் பெட்டியை (ட்ரெயிலரை) இழுத்தார். மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சின் முழுவதும் பிரிக்கப்பட்டுத் திருத்தப்பட்டுவிட்டது. குளிர்ந்த காலையிலும் உடனே பற்றுகிறது. இப்போது வேலையைத் தடுத்து நிற்பது கியர்தான்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். நியூட்ரலில் நிற்கும்போது கியர் லீவர் நாலாபக்கமும் தளர்ந்து ஆடுகிறது. மூன்றாம் கியரில் வெறுமனே ஓடினால் பிரச்சினை இல்லை. பெட்டியைக் கொழுவி இழுத்தால் கியர் தானாக வெளியே வந்துவிடுகிறது. சில வேளைகளில் லீவர் எந்தப் பக்கமும் அசையாமல் இறுகிக்கொள்கிறது. மேல் மூடியைக் கழற்றி உள்ளே இருப்பதைத் தள்ளிவிட்டால்தான் விடுகிறது. லீவரின் அடியையும், பற்சக்கரத்தை நகர்த்தும் கவையான போர்க்கையும் வெல்டிங் செய்து தடிப்பாக்கினால் எல்லாம் சரியாகும் என்று ஒரு கராஜில் சொன்னார்கள். வேறொருவர், கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எல்லாம் புதிதாக வாங்கலாம், பழையதில் கை வைத்துக் காலத்தை வீணாக்க வேண்டாம் என்கிறார். இயன்ற வரை அந்த மெசினோடு பிறந்த பாகங்களையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். அதே வேளையில் அது வயலில் இறங்கி உழைக்கவும் வேண்டும். இத்தொழில் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

சம்மாந்துறை மெக்கானிக்

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. நீங்கள் எழுதியிருப்பவை மூன்று வெவ்வேறு குறைகள். மூன்றுக்கும் ஒரே மருந்து என்று நினைத்து வெல்டிங் கம்பியைக் கையில் எடுப்பதால்தான் இந்தப் பக்கத்தில் எத்தனையோ நல்ல கியர் பெட்டிகள் கெட்டுப்போயின.

லீவர் ஆடுவது பெரும்பாலும் லீவரின் குமிழும் அது அமர்ந்திருக்கும் கிண்ணமும் தேய்ந்ததால் வருவது. அது எரிச்சல் தரும், ஆனால் கியரை வெளியே தள்ளாது. லீவர் இறுகிக்கொள்வது அதன் அடி நாக்கு தேய்ந்து மெலிந்து, போர்க்கின் தலையில் அது நுழையும் வாயும் அகன்றுபோனதால் வருவது. நாக்கு ஒரு வாயிலிருந்து நழுவி இரண்டு வாய்களுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. மூன்றாம் கியர் வெளியே வருவது இவை இரண்டிலும் சேராத தனிக் கதை. லீவரை முழுவதும் கழற்றி எடுத்துவிட்டாலும் கியர் தன் இடத்தில் நிற்க வேண்டும். அதை நிறுத்தி வைப்பது லீவர் அல்ல. போர்க் தண்டில் வெட்டியிருக்கும் பள்ளமும், அதில் ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் விழுந்து அமரும் குண்டும்தான்.

ஆகவே திறப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பெட்டியில் பாரம் ஏற்றி மூன்றாம் கியரில் மெதுவாக இழுங்கள். லீவரின் தலையில் உள்ளங்கையை இலேசாக வைத்திருங்கள், அழுத்த வேண்டாம். கியர் வெளியே வரும்போது கையை உறுதியாகத் தள்ளிக்கொண்டு வந்தால் பற்கள் சரிவாகத் தேய்ந்திருக்கின்றன, அல்லது தண்டின் பேரிங் தேய்ந்து தண்டு முன்னும் பின்னும் நகர்கிறது என்று கொள்ளலாம். தள்ளும் வலு எதுவும் இல்லாமல், அதிர்விலே தளர்ந்து நழுவினால் ஸ்பிரிங்கையும் பள்ளத்தையும் சந்தேகியுங்கள். பாரம் இழுக்கும்போது மட்டும் வருகிறதா, அக்சிலரேட்டரை விட்டு மெசின் தானாக உருளும்போதும் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். இழுக்கும்போது பல்லின் ஒரு முகமும், உருளும்போது மறு முகமும் பாரம் தாங்குகின்றன. எந்த முகம் தேய்ந்திருக்கிறது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது போர்க்கைத் தண்டோடு பூட்டியிருக்கும் திருகாணி. அது தளர்ந்திருந்தால் தண்டு சரியான இடத்துக்குப் போனாலும் போர்க் பின்தங்கி நிற்கும். அந்த ஒரு ஆணியை இறுக்கியதோடு வேலை முடிந்த மெசின்களும் என் கையில் வந்துபோயிருக்கின்றன.

அக்கரைப்பற்று வட்டை

மெக்கானிக் காக்கா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சூடடித்த மெசின் என்றால் அதற்கேற்ற தேய்மானம் இருக்கும். களவெட்டியில் மணிக்கணக்காக வட்டம் சுற்றும்போது ஓட்டுபவர் கையை எங்கே வைத்திருப்பார்? பெரும்பாலும் கியர் லீவரின் தலையில்தான். அந்தக் கையின் பாரம் போர்க்கை, பற்சக்கரத்தில் அது அமரும் காடியின் ஒரு சுவரோடு எந்நேரமும் உரச வைக்கும். சுழலும் பற்சக்கரத்தோடு போர்க் இடைவிடாமல் உரசினால் அது ஒரு பக்கம் மட்டும் தேயும். போர்க்கைக் கழற்றியதும் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கத் தேய்மானம் தெரிந்தால் காரணம் இதுதான்.

லீவரின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வைக்கோல் தூசியும் மாரி மழையும் அந்த வழியாலேதான் உள்ளே இறங்கும்.

படுவான்கரை உழவன்

அனைவருக்கும் நன்றி. காக்கா சொன்ன சோதனையைச் செய்தேன். கியர் வெளியே வரும்போது கையைத் தள்ளுகிறது. மிகுந்த வலுவோடு அல்ல, ஆனால் தெளிவாகத் தெரிகிறது. உருளும்போது வருவதில்லை, இழுக்கும்போது மட்டுமே. அதன் பிறகு மேலுள்ள பகுதியைத் தூக்கி எடுத்தோம். கண்டவற்றை அப்படியே எழுதுகிறேன்.

ரப்பர் உறை வெடித்துக் கிடந்தது. ஒயில் பால் கலந்ததுபோல் இருந்தது. லீவரின் நாக்கு இரு புறமும் குழிந்து, இடுப்பு ஒடுங்கிய உடுக்கை வடிவில் இருக்கிறது. போர்க் தலைகளின் வாய்கள் சதுரம் இழந்து வட்டமாகிவிட்டன. இரண்டாம், மூன்றாம் கியருக்கான போர்க் ஒரு பக்கம் மட்டுமே தேய்ந்திருக்கிறது. அதற்கும் காடிக்கும் இடையில் உள்ள இடைவெளியைப் பீலர் தகட்டால் அளந்தபோது 1.6 மில்லிமீற்றர் வந்தது. போர்க்கைப் பூட்டும் திருகாணியின் கம்பிக்கட்டு அறுந்துபோயிருந்தது, ஆணி இலேசாகத் தளர்ந்திருந்தது. மூன்றாம் கியருக்கான பள்ளத்தின் ஒரு விளிம்பு மழுங்கியிருக்கிறது. இரண்டு தண்டுகளின் ஸ்பிரிங்குகளையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒன்று கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குட்டையாக இருக்கிறது.

மூன்றாம் கியரின் பற்களில் ஒரு விடயம் எனக்குப் புரியவில்லை. பல்லின் நீளத்தில் முக்கால் பங்கு மினுமினுப்பாகத் தேய்ந்திருக்கிறது, மீதிக் கால் பங்கு தொடப்படாமல் கறுப்பாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சிறிய படி ஒன்று விரலுக்குத் தட்டுப்படுகிறது.

வந்தாறுமூலை தொழினுட்ப ஆசிரியர்

நீங்கள் கண்ட அந்தப் படிதான் இந்த மெசினின் வரலாற்றைச் சொல்கிறது. 35இன் பெட்டியில் நேரான பல் கொண்ட சக்கரங்கள் தண்டின் மீது வழுக்கிச் சென்று ஒன்றோடொன்று சேர்கின்றன. நேரான பல் தேயாதிருக்கும்போது பாரம் இழுத்தாலும் அது சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளுவதில்லை. போர்க் தேய்ந்ததாலும் ஆணி தளர்ந்ததாலும் சக்கரம் தன் துணைச் சக்கரத்தின் மேல் முழுவதுமாக ஏறாமல், முக்கால் பங்கு மட்டும் ஏறி உழைத்திருக்கிறது. அந்த முக்கால் பங்கில் பாரம் செறிந்து, பல் நுனியை நோக்கிச் சரிவாகத் தேய்ந்திருக்கிறது. சரிவு வந்துவிட்டால் பாரம் ஏறும்போதெல்லாம் ஆப்பு வழுக்குவதுபோல் சக்கரம் வெளியே தள்ளப்படும். உங்கள் கை உணர்ந்தது அதைத்தான்.

இதனால் இரண்டு முடிவுகள் வருகின்றன. முதலாவது, போர்க்கைச் சரிசெய்யாமல் பற்சக்கரத்தை மட்டும் மாற்றினால் புதிய சக்கரமும் இதே வழியில் தேயும். இரண்டாவது, போர்க்கைச் சரிசெய்ததும் சக்கரம் இதுவரை போகாத இடத்துக்குப் போகும். அப்போது அந்தப் படியின் விளிம்பு துணைச் சக்கரத்தின் பல்லில் இடிக்கும். படி சிறியதானால் எண்ணெய்க் கல்லால் பொறுமையாக நீவி எடுத்துவிடலாம். சரிவு பெரிதானால் சோடியாக இரண்டு சக்கரங்களையும் மாற்ற வேண்டும்; ஒன்றைப் புதிதாகவும் மற்றதைப் பழையதாகவும் ஓடவிடுவது இரண்டையும் கெடுக்கும்.

பற்களில் எக்காரணத்துக்காகவும் வெல்டிங் செய்ய வேண்டாம். பல்லின் மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டது, அதுவும் மெல்லிய படலம். வெல்டிங் வெப்பம் அந்தக் கடினத்தை அழித்துவிடும். அதற்குப் பிறகு அது பல்லாக நீடிக்காது.

கல்முனை கடைசல் பட்டறை

பல்லைப் பற்றிச் சேர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். லீவர் நாக்கும் போர்க்கும் அப்படியல்ல. அவற்றை ஒட்டித் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் புதிய போர்க்குகளில் சிலவற்றை அளந்து பார்த்திருக்கிறேன். தலைக்கும் கால்களுக்கும் இடையிலான தூரம் பழையதோடு ஒத்துவராதவையும் அவற்றில் இருந்தன. பழைய போர்க்கின் உடல் வளையாமல் இருந்தால் அதையே அடிப்படையாக வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் அது என்ன உலோகம் என்று அறிய வேண்டும். வேலைக்குக் குறுக்கே வராத ஒரு மூலையைக் கிரைண்டரில் இலேசாகத் தொட்டுப் பாருங்கள். நீளமான, வெளிச்சமான தீப்பொறி பறந்தால் உருக்கு. குட்டையான, மங்கிய செம்பொறி வந்தால் வார்ப்பிரும்பு இனம். வழி இங்கேயே பிரிந்துவிடுகிறது. வார்ப்பில் சாதாரண வெல்டிங் கம்பியைப் போட்டால் ஒட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிபோல் நொறுங்கும் பகுதி உருவாகி, ஒரு நாள் கியர் போடும்போது அந்த இடத்தில் உடையும். வார்ப்புக்கு நிக்கல் கம்பி, அல்லது காஸ் கொண்டு பித்தளை ஏற்றுதல்தான் பொருத்தம்.

லீவரின் நாக்கு பொதுவாக அடித்துச் செய்த உருக்கு. அதற்குக் குறைந்த ஐதரசன் வகைக் கம்பியை, 7018 என்று கேட்டால் தருவார்கள், அடுப்பில் நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். நம் கரையோரக் காற்றின் ஈரத்தில் திறந்து கிடந்த கம்பி இதற்கு உதவாது. நாக்கை முதலில் சூடாக்கி, சிறு சிறு வரிகளாக ஏற்றி, முடிந்ததும் காய்ந்த உமிச் சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிடுங்கள். தண்ணீரில் தோய்க்க வேண்டாம். பிறகு அரத்தால் வடிவம் கொடுக்கலாம்.

நாக்கை மட்டும் ஏற்றிவிட்டு வாயை அப்படியே விட்டால் பயனில்லை. வட்டமான வாயில் சதுர நாக்கு இரண்டு புள்ளிகளில் மட்டுமே தொடும். விரைவில் மீண்டும் குழி விழும். வாயின் சுவர்களையும் ஏற்றி, நேராக அராவி, நாக்கு இலேசாக அசையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விடுங்கள்.

போர்க்கின் கால்களைப் பொறுத்தவரை, உருக்காக இருந்தால் கடின வெல்டிங் கம்பியால் ஏற்றித் தேய்ப்பதே என் வழக்கம். அது எளிதில் தேயாது.

வந்தாறுமூலை தொழினுட்ப ஆசிரியர்

அந்த இறுதிப் பந்தியில் மட்டும் உடன்பட முடியவில்லை. போர்க் எதோடு உரசுகிறது என்பதைக் கருத வேண்டும். அது உரசுவது பற்சக்கரத்தின் காடிச் சுவரோடு. போர்க்கின் காலைச் சுவரைவிடக் கடினமாக்கினால் தேய்வது சுவராகத்தான் இருக்கும். போர்க் மீண்டும் ஏற்றக்கூடிய பாகம். காடி தேய்ந்தால் பற்சக்கரமே போய்விடும். இரண்டில் எது தேய வேண்டும் என்று நாம் தெரிவு செய்ய முடியுமானால், தேய வேண்டியது போர்க்தான். இதனாலேயே வெண்கலம் அல்லது பித்தளை ஏற்றுவதை நான் பரிந்துரைக்கிறேன். அது உருக்கோடு வழுக்கலாக உரசும். ஏற்றும்போது அடி உலோகம் உருகுவதில்லை என்பதால் போர்க்கின் கால்கள் வளையும் வாய்ப்பும் குறைவு. உலோகம் வார்ப்பானாலும் உருக்கானாலும் இது பொருந்தும்.

கல்முனை கடைசல் பட்டறை

காடிச் சுவரைப் பற்றிச் சேர் சொல்வது நியாயம். பித்தளை ஏற்றுவதில் எனக்கு ஒரே ஒரு தயக்கம்தான்: ஒயில் அழுக்காக இருந்தால் மணலும் இரும்புத் தூளும் பித்தளையில் பதிந்து அரம்போல் வேலை செய்யும். ஒயிலைச் சுத்தமாக வைத்திருக்க உழவன் உறுதி தந்தால் நானும் பித்தளைக்கே வாக்களிக்கிறேன். ஏற்றிய பின் காடியோடு 0.2 முதல் 0.3 மில்லிமீற்றர் இடைவெளி வரும்படி அராவுவது என் அளவு. இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். ஒரு கால் மட்டும் தொட்டால் போர்க் கோணலாக இழுபட்டுத் தண்டில் இறுகும். நேரான தண்டு ஒன்றில் போர்க்கை மாட்டி, தடித்த கண்ணாடித் தட்டின் மேல் வைத்து மூலைமட்டத்தால் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும்.

சம்மாந்துறை மெக்கானிக்

இருவரும் நல்ல முடிவுக்கு வந்துவிட்டீர்கள். தண்டும் ஸ்பிரிங்கும் மீதம் இருக்கின்றன.

குட்டையான ஸ்பிரிங்கின் அடியில் வாஷர் வைத்து உயரத்தைக் கூட்டுவது நம் பக்கத்தில் பரவலாக உள்ள பழக்கம். அதைச் செய்ய வேண்டாம். அதிகமாக அழுத்தப்பட்ட குண்டு பள்ளத்தின் விளிம்பை இன்னும் விரைவாக மழுக்கும். கியர் போடும் ஒவ்வொரு முறையும் லீவரை வலிந்து தள்ள வேண்டியிருப்பதால், இப்போதுதான் ஏற்றிய நாக்கும் வீணாகத் தேயும். ஸ்பிரிங் விலை மலிவானது. இரண்டையும் சோடியாகப் புதிதாக வாங்குங்கள், குண்டுகளையும் சேர்த்து.

பள்ளத்தின் மழுங்கிய விளிம்பை ஆழமாக்கிச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். பள்ளத்தின் நடுப்புள்ளி ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தால் பற்சக்கரம் நிற்கும் இடமும் ஒரு மில்லிமீற்றர் நகரும். ஆசிரியர் விளக்கிய அந்த முக்கால் பங்குப் பிரச்சினையை நாமே புதிதாக உண்டாக்கிவிடுவோம். மழுங்கல் மிகச் சிறிதானால் விட்டுவிடுங்கள். புதிய ஸ்பிரிங்கும் சரியான போர்க்கும் அதைத் தாங்கும். பெரிதானால் தண்டை மாற்றுங்கள். ஷொக் அப்சோபர் தண்டில் புதிய போர்க் தண்டு செய்து தரும் பட்டறைகள் உண்டு, அது வேண்டாம். அதன் மேல் உள்ள குரோமியப் படலம்தான் கடினமானது, பள்ளம் வெட்டியதும் உள்ளே உள்ள மென்மையான உலோகம் வெளிவந்துவிடும். நடுத்தரக் கார்பன் உருக்கில் செய்து, பள்ளம் வெட்டிய பின் கடினப்படுத்தித் தருபவரிடம் கொடுங்கள்.

பல பெட்டிகளில் இரண்டு தண்டுகளுக்கும் நடுவே ஒரு சிறு கட்டை அல்லது குண்டு இருக்கும். ஒரு தண்டு நகர்ந்தால் அது மற்றதைப் பூட்டிவிடும். உங்கள் பெட்டியில் அது இருந்தால் பிரிக்கும்போது தவறவிடாமல் எடுத்து வையுங்கள். திருப்பிப் பூட்டியதும் ஒரு தண்டைக் கியருக்குத் தள்ளி, மற்றதைக் கையால் நகர்த்திப் பாருங்கள், நகரக் கூடாது. நகர்ந்தால் ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்து பெட்டி இறுகும், பற்களும் உடையலாம். மூடியை மூடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது.

கிளச்சையும் மறந்துவிடாதீர்கள். கிளச்சு முழுவதும் விடாமல் இழுத்துக்கொண்டிருந்தால் கியர் போடும் ஒவ்வொரு முறையும் பல்லின் முனைகள் இடித்து மழுங்கும். பெடலின் வெற்று ஓட்டத்தைச் சரிசெய்த பிறகே திருத்திய பெட்டியைச் சோதியுங்கள். இந்த வகை மெசினில் ஓட்டத்தில் கியர் மாற்றக் கூடாது என்பதை வீட்டில் ஓட்டும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

அம்பாறை சாம்பல் பெர்குசன்

எங்களிடம் இருப்பது இதற்கு மூத்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவன்றி நகரில் ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட சாம்பல் நிறப் பெர்குசன், ரீஈ 20 (TE 20) வகை. லீவர் திருத்துவோர் யாரேனும் அந்த வகையை வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை: அதில் கியர் லீவரே ஸ்டார்ட்டர் சுவிட்சையும் இயக்குகிறது. லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஸ்டார்ட் இடத்துக்குத் தள்ளினால்தான் எஞ்சின் சுழலும். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. நாக்கையும் வாயையும் ஏற்றித் தேய்த்தால் அந்த இடத்தின் அளவும் மாறக்கூடும். திருத்தி முடித்ததும் பின்சில்லுகளை உயர்த்தித் தாங்கி வைத்து, ஒவ்வொரு கியராகப் போட்டு ஸ்டார்ட் இடத்துக்குப் போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும், முடியக் கூடாது.

உழவனுக்கு ஒரு கேள்வி. அரைத்தலும் வெல்டிங்கும் பெட்டியின் மேலேயே நடக்கப் போகின்றனவா, பட்டறையிலா?

படுவான்கரை உழவன்

பட்டறையில்தான் செய்வதாக இருக்கிறோம். பற்களின் படியை நீவுவது மட்டும் பெட்டியிலேயே நடக்கும். சக்கரங்களை வெளியே எடுக்க மெசினை நடுவே பிரிக்க வேண்டும், இப்போதைக்கு அதைத் தவிர்க்க விரும்புகிறேன். ஏன் கேட்டீர்கள் என்று அறியலாமா?

அம்பாறை சாம்பல் பெர்குசன்

பெர்குசனிலும் அதன் வழிவந்த 35இலும் கியர் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் ஐதரோலிக்குக்கும் ஒரே ஒயில். ஐதரோலிக் பம்ப் அந்த ஒயிலுக்குள்ளேயே மூழ்கி நின்று அதையே உறிஞ்சி வேலை செய்கிறது. மேலே அராவும்போது விழும் இரும்புத் தூள் ஒயிலோடு பின்னால் போய்ப் பம்புக்குள் நுழையும். லீவரைத் திருத்தியவர் சில மாதங்களில் கலப்பை தூக்கவில்லை என்று வந்து நிற்பது இதனால்தான். படியை நீவும்போது சக்கரத்தின் அடியில் கிறீஸ் பூசிய துணியை நன்றாகத் திணியுங்கள். நீவிய பிறகு காந்தத்தால் ஒவ்வொரு மூலையையும் துடைத்து, மெல்லிய ஒயிலால் கழுவி வடித்துவிடுங்கள். சுழலும் கிரைண்டரைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது.

அக்கரைப்பற்று வட்டை

பால் நிற ஒயிலை முழுவதும் வடிக்க வேண்டும். மெசினை ஓரிரவு அசையாமல் நிறுத்திவிட்டு, காலையில் அடிப்பிளக்கை மெதுவாகத் தளர்த்தினால் அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். வடித்த ஒயிலைத் திரும்ப ஊற்றும் எண்ணம் வேண்டாம், என்ன விலையானாலும்.

வந்தாறுமூலை தொழினுட்ப ஆசிரியர்

ஒயில் வாங்கும்போது ஒரு கவனம். கார்களின் பின் அச்சுக்கென விற்கப்படும் ஜீ.எல். 5 தர ஒயிலில் கந்தகம், பொசுபரசு கலந்த சேர்க்கைகள் அதிகம். அவற்றுள் சில வெப்பத்தில் பித்தளை, வெண்கலத்தைத் தாக்கும். போர்க்கில் பித்தளை ஏற்றப் போவதால் இது உங்களுக்குப் பொருந்தும். கியருக்கும் ஐதரோலிக்குக்கும் பொதுவாகப் பயன்படும் உழவு இயந்திர ஒயிலை, கைநூல் சொல்லும் தடிப்பில் தெரிவு செய்யுங்கள்.

படுவான்கரை உழவன்

வேலை முடிந்துவிட்டது. உங்கள் ஒவ்வொருவரின் சொல்லும் இதில் பயன்பட்டது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

போர்க்கைக் கிரைண்டரில் தொட்டபோது நீண்ட, வெளிச்சமான பொறி வந்தது, உருக்குத்தான். இருந்தாலும் பித்தளையே ஏற்றினோம். கால்கள் வளையவில்லை, காடியோடு இடைவெளி 0.25 மில்லிமீற்றரில் நிற்கிறது. நாக்கும் வாய்களும் 7018 கம்பியால் ஏற்றப்பட்டு அரத்தாலேயே வடிவம் பெற்றன. பட்டறைக்காரருக்கு உமிச் சாம்பல் புதிதாக இருந்தது. பக்கத்து அரிசி ஆலையில் ஒரு சாக்கு வாங்கிக் கொடுத்தேன், இனி எல்லா வார்ப்பு வேலைக்கும் அதையே பயன்படுத்தப் போவதாகச் சொன்னார். குமிழின் கிண்ணம் திருத்த முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்ததால் அதையும் ஸ்பிரிங்குகளையும் குண்டுகளையும் புதிதாக வாங்கினோம். கடைக்குப் பழைய பாகங்களைக் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று. 35 என்று பெயரிட்டு விற்கப்பட்டவற்றிலும் இரண்டு அளவுகள் இருந்தன.

போர்க்கின் திருகாணியை இறுக்கிப் புதிய கம்பிக்கட்டுப் போட்டோம். மூடியை மூடுவதற்கு முன் தண்டை மூன்றாம் கியருக்குத் தள்ளி மேலிருந்து பார்த்தேன். பற்சக்கரம் துணைச் சக்கரத்தை முழுவதும் மூடி நிற்கிறது. முன்பு கறுப்பாக இருந்த கால் பங்கும் இப்போது சேர்ந்துவிட்டது. படியை ஆசிரியர் சொன்னபடி எண்ணெய்க் கல்லால் நீவியிருந்தோம். தண்டின் மழுங்கிய பள்ளத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

உன்னிச்சைப் பக்கம் பெட்டியில் மணல் ஏற்றி இழுத்துப் பார்த்தோம். மூன்றாம் கியர் நிற்கிறது. லீவர் எங்கும் இறுகவில்லை. பாரம் கூடும்போது கையில் இன்னும் இலேசான தள்ளல் தெரிகிறது, ஆனால் குண்டு அதைத் தாங்கிக்கொள்கிறது. இதை இப்படியே விடலாமா, அல்லது அடுத்த மாரிப்போக உழவுக்கு முன் பற்சக்கரங்களை மாற்றிவிட வேண்டுமா?

சம்மாந்துறை மெக்கானிக்

மாஷா அல்லாஹ். பெட்டி இழுப்பதற்கு இது போதும் தம்பி. சேற்று உழவில் இறங்கும்போது பாரம் வேறு. அங்கே தொடர்ந்து மூன்றாம் கியரைப் பயன்படுத்தாமல், குறைந்த வேக வரிசையில் பொருத்தமான கியரில் உழுங்கள். சிறுபோகம் முடிந்ததும் மேல் மூடியை ஒருமுறை திறந்து, போர்க்கின் இடைவெளியைப் பீலரால் அளந்து இன்றைய 0.25ஓடு ஒப்பிடுங்கள். இடைவெளி கூடாமல் தள்ளல் மட்டும் கூடியிருந்தால் பல்லின் சரிவு வளர்கிறது என்று பொருள். அப்போது மெசினைப் பிரித்துச் சோடியாகச் சக்கரங்களை மாற்றுங்கள். பிரிக்கும் நாளில் தண்டின் பேரிங்குகளையும் டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிடலாம்.

அக்கரைப்பற்று வட்டை

ரப்பர் உறை போட்டீர்களா? அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

படுவான்கரை உழவன்

சரியான அளவில் இன்னும் கிடைக்கவில்லை அண்ணன். தற்போதைக்குப் பொலித்தீனால் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.

அக்கரைப்பற்று வட்டை

பொலித்தீன் வெயிலில் வெடித்துவிடும். பழைய லொறி ரியூப்பில் ஒரு துண்டை வெட்டி, லீவர் நுழையும் அளவுக்குச் சிறு துளை இட்டு மேலிருந்து இறக்குங்கள். மேல்பக்கத்தைக் கம்பிக் கிளிப்பால் லீவரோடும், அடிப்பக்கத்தைப் பெட்டியின் கழுத்தோடும் இறுக்குங்கள். லீவர் எல்லாக் கியருக்கும் போய் வர வேண்டும் என்பதால் நடுவில் கொஞ்சம் தளர்வாக மடிப்பு விடுங்கள். இழுத்துக் கட்டினால் அந்த ரப்பரே லீவரைப் பின்னால் இழுத்து கியரை வெளியே எடுக்கப் பார்க்கும்.